தட்டு ஸ்டாண்டுக்கு நன்றி

நண்பர்களே,

தண்ணீர் வடிந்து மூன்று வாரம் ஆகிறது. என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்லத் தெம்பில்லை. என் பழைய இசை ரெக்கார்டுகளில் முக்கால்வாசி பிழைத்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லாரி கொண்டுவந்தவர்கள், மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பியவர்கள், பழைய இசைக்கலைஞர்களிடம் நான் பேசிப் பதிந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்திய தம்பிகள், எல்லாருக்கும் கும்பிடு. இன்ஷூரன்ஸ்காரர்களைப் பற்றி இன்று வேண்டாம்.

நான் அதிகம் சொல்ல வேண்டியது நான்கு வீடு தள்ளி இருக்கும் அம்மாவைப் பற்றி. எண்பத்தெட்டு வயது. டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் இத்தனை வருஷமாகக் கையசைப்போடு சரி, பேசியதில்லை. அன்று காலை நான் வாசலில் உட்கார்ந்து சேறு படிந்த 78-களை (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்கு இசைத்தட்டுகள்) ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கப் போனேன். விறுவிறுவென்று வந்து பாட்டிலைப் பிடுங்கிவிட்டார். "அரக்கு கரைந்துவிடும், பைத்தியமா உனக்கு?" அவர் அப்பா மரச்சாமான்களுக்கு பாலிஷ் போட்டவராம். எனக்கும் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு மூளை வேலை செய்யவில்லை.

அப்புறம் வீட்டுக்குப் போய்த் தன் சமையலறைத் தட்டு ஸ்டாண்டை எடுத்து வந்தார். பத்தங்குல ரெக்கார்டுகள் அதில் சாப்பாட்டுத் தட்டு மாதிரியே வரிசையாக நின்றன. இசைத்தட்டு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

உலர்ந்தாலும் பல தட்டுகளில் லேபிள் போய்விட்டது. எது யாருடையது என்று தெரியாமல் விழித்தேன். "போடு, கேட்போம்" என்றார். சின்ன வயதில் ஓக்லஹோமாவின் டல்சாவில் கெய்ன்ஸ் பால்ரூம் என்ற நடனக்கூடத்தில் ஜானி லீ வில்ஸ் குழுவின் இசைக்கு ஆடியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜானி லீயின் அண்ணன் பாப் வில்ஸ், வெஸ்டர்ன் ஸ்விங் என்ற அமெரிக்க நடன இசையில் பேர்போன பிடில்காரர், குழுத் தலைவர். அவருடைய தட்டுகள்தான் என்னிடம் அதிகம். ஊசி வைத்த கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவார். வில்ஸின் 'சான் அன்டோனியோ ரோஸ்' பாட்டின் இரண்டு பதிவுகளும் அகப்பட்டன. வெறும் வாத்தியமாக வாசித்தது 1938, குழுவின் பாடகர் டாமி டங்கன் பாடியது 1940. எனக்கும் அது தெரியும். ஆனால் யார் எப்போது வாசிக்கிறார் என்று அவர் விரல் நீட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. வில்ஸ் பாட்டு நடுவில் "ஆஹா" என்று கூவி, லியான், எல்டன் என்று வாசிப்பவரின் பெயரைச் சொல்லி அழைப்பார். லேபிள் அழிந்தாலும் ஆள் விவரம் தட்டுக்குள்ளேயே இருக்கிறது.

1935-இல் டல்லாஸில் முதல் ரெக்கார்டிங்கின்போது தயாரிப்பாளர் ஆர்ட் சாதர்லி இந்தக் கூவலை நிறுத்தச் சொன்னாராம், வில்ஸ் மூட்டை கட்டக் கிளம்பிவிட்டாராம். நல்ல வேளை, சாதர்லி இறங்கி வந்தார்.

மேல் அலமாரியில் நனையாமல் இருந்த ஒரு எல்பியையும் (பெரிய வினைல் தட்டு) கடைசியாகப் போட்டேன். 1973 டிசம்பரில் வில்ஸ் குழுவின் பழைய ஆட்கள் டல்லாஸில் கூடி வாசித்தது. வில்ஸ் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். முதல் நாள் இரவே பக்கவாதம், அதற்கப்புறம் அவர் எழவில்லை. மறுநாள் மற்றவர்கள் வாசித்து முடித்தார்கள், கூவலை ஹாய்ல் நிக்ஸ் என்ற இன்னொரு பிடில்காரர் போட்டார். இதில் ஒன்றையும் நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு பாட்டில் கூவல் வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது பாப் இல்லையே" என்றார்.

இனி ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் பெயர்களை எழுதப் போகிறேன், கேசட்டுகளையும் இந்த வருஷமே பிரதி எடுத்துவிடுவேன். ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேறு வாங்கிவிட்டாராம். "உன்னிடம் இன்னும் நாற்பது பாக்கி இருக்கிறதே" என்றார். எண்ணி வைத்திருக்கிறார்.