செயலாளர் ஆண்டறிக்கை: மட்டக்களப்பு நகரத் தெருநாய், பூனைப் பராமரிப்பு

தலைவர், போசகர்கள், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை நாய் வந்தது, எத்தனை பூனை போனது என்ற கணக்கு பதிவேட்டுப் பிரதியாக உங்கள் கையில் இருக்கிறது. அதை வரிவரியாக வாசித்து நேரம் போக்கவில்லை. அதில் பார்க்கவேண்டிய நிரல் ஒன்றுதான்: ‘திரும்பி வந்தது’. வீடு தேடிக் கொடுத்தவற்றில் எவை திரும்பின, ஏன் திரும்பின என்று பார்த்தால் நமது வேலை எங்கே சறுக்குகிறது என்பது தெரியும். நாய்களைப் பொறுத்தவரை அந்த நிரலை நிரப்புவது பெட்டைகளே.

பெட்டைக் குட்டிகள்

சந்தைப் பக்கத்திலும் கோயில் வீதிகளிலும் உரப்பையில் கட்டி விட்டுப்போகும் குட்டிகளை அவிழ்த்துப் பார்த்தால் அநேகமாகப் பெட்டைகள்தான். கடுவனை அயலவர்கள் முன்பே கேட்டு எடுத்துவிடுவார்கள். பெட்டையை வேண்டாம் என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் “குட்டி போடும்” என்பது. அந்தப் பயத்துக்கு மருந்து சொல்லாமல், “ஓர் உயிர்தானே, கொண்டுபோங்கோ” என்று கையில் திணித்துவிட்ட குட்டிகள், ஆறேழு மாதத்தில் முதற்பருவம் வந்து வளவைச் சுற்றிக் கடுவன்கள் கூடியதும் திரும்பி வந்தன. எடுத்தவரைக் குறைசொல்லிப் பயனில்லை, பிழை நம்முடையது.

ஆகையால் இப்போது பெட்டையைக் கொடுக்கும்போதே கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கான மாதத்தை எழுதிய துண்டையும் கொடுக்கிறோம். குட்டி எட்டு வாரத்தில் போகிறது. சத்திரசிகிச்சை ஐந்தாம் அல்லது ஆறாம் மாதத்தில், செலவு சங்கத்தினுடையது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். எவ்வளவு கடித்தால் நோகும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான். இடையில் தொலைபேசி இலக்கம் மாறினால் அந்தக் குட்டி நம் கைவிட்டுப் போய்விடும். எடுப்பவருடைய இலக்கத்தோடு அயல்வீட்டார் ஒருவருடையதையும் கிராம சேவகர் பிரிவையும் குறித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகே தேடிப்பிடிக்க முடிந்தது.

சத்திரசிகிச்சை நாட்கள்

பெரிய நாய்க்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு சாப்பாடில்லை. தண்ணீர் விடியும்வரை கொடுக்கலாம். தெருநாயை அன்று காலையில் பிடித்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். தேநீர்க் கடையில் பாண் துண்டு தின்றுவிட்டு வந்தது யாருக்குத் தெரியும்? மயக்கத்தில் அது வாந்தியெடுத்தால் நுரையீரலுக்குள் போகும். எனவே முதல் நாள் மாலையே பிடித்துக் கூண்டில் வைக்கவேண்டும். குட்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது. நாலு மணித்தியாலத்துக்கு மேல் பட்டினி போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும்.

தெருவில் வாழும் பெட்டைக்கு வயிற்றின் நடுவில் வெட்டாமல் விலாப் பக்கத்தில் வெட்டும்படி மிருக வைத்தியரைக் கேட்டுக்கொள்கிறோம். காயம் மண்ணில் உரசாது. கிட்டப் போகாமலே எட்ட நின்று பார்த்துவிடலாம். பால் கொடுக்கும் பெட்டைக்கும் அதுவே நல்லது. தையல் தானாகக் கரையும் நூலில், தோலுக்கு உள்ளே. மயக்கத்திலேயே இடது காதில் சிறு வெட்டு அடையாளம் இடப்படும்; பூனைக்கு இடது காதின் நுனி. இந்த அடையாளம் தவறினால் அதே நாய் அடுத்த முறையும் மேசைக்கு வரும், வயிற்றைத் திறந்தபின்தான் விளங்கும்.

மயக்கம் தெளியும் நேரத்தில் வெறுஞ் சீமெந்தில் கிடத்தவேண்டாம். மட்டக்களப்பு வெயிலில் குளிரா என்று கேட்பவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. சாக்கு விரித்துப் பக்கவாட்டில் கிடத்தி, தலையைத் தானே நிமிர்த்திப் பிடிக்கும்வரை தண்ணீர் வைக்காதீர்கள். பெட்டையை மூன்று நாள், கடுவனை ஒரு நாள் வைத்திருந்து விடுகிறோம். காயத்தை நக்கும் நாய்க்குக் கடையில் விற்கும் கூம்பு வடிவக் காப்பு கிடைக்காவிட்டால் சிறிய பிளாஸ்டிக் வாளியின் அடியை வட்டமாக வெட்டி, விளிம்பில் பழைய துணி சுற்றி, நாலு துளையில் நாடா கோர்த்துக் கழுத்துப்பட்டியோடு கட்டினால் போதும். கடுவனை வெட்டிய பிறகும் சில கிழமைகளுக்கு அது குட்டிக்குக் காரணமாகலாம். ‘ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது’ என்ற முறைப்பாடுகளுக்கு இதுவே பதில்.

பிடித்த இடத்திலேயே விடுவது என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. புளியந்தீவில் பிடித்ததைக் கல்லடிக் கடற்கரையில் விடச்சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள கூட்டம் அதைக் கடித்துக் குதறும், இல்லையென்றால் அது பாலத்தைக் கடந்து திரும்பி வரும். வெறுமையான இடத்துக்கு ஊசி போடாத வேறொரு நாய் வந்து சேரும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை கருத்தடை முகாம் வைப்பதில்லை. மாரியில் ஈரமண்ணும் இலையானும் சேர்ந்தால் தையற்காயம் புழுப் புண்ணாகும். புழுவுக்குக் கற்பூரமும் அந்துருண்டையும் பொடித்துப் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விடவேண்டும். நாய் நக்குகிறது, இரண்டும் நஞ்சு. உப்புநீரால் கழுவி, புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, வைத்தியரிடம் கொண்டுபோவதே வழி.

பார்வோ

இவ்வாண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது நாய்க்குட்டிகளைக் கொல்லும் இந்த வைரஸ் தொற்றுநோய்தான். நேற்று ஓடித்திரிந்த குட்டி இன்று சோர்ந்து படுக்கும், பிறகு வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், ஒருமுறை மணந்தால் மறக்காத நாற்றம். தொற்றிச் சில நாட்கள் கழித்தே நோயின் அறிகுறி தெரிவதால், புதிய குட்டியை இரண்டு கிழமை தனியாக வைக்காமல் மற்றவற்றோடு சேர்த்த வீடுகளில் எல்லாக் குட்டிக்கும் வந்தது.

டெற்றோல் பார்வோவுக்குப் பலிக்காது. பூனை இருக்கும் வீட்டில் அது கெடுதலும் கூட. முதலில் அசுத்தத்தை அகற்றிச் சவர்க்காரத்தால் கழுவவேண்டும். பிறகு உடுப்பு வெளுக்கும் குளோரின் திரவம் 100 மில்லிலீற்றரை 3 லீற்றர் தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவவேண்டும். கழுவாமல் மேலே ஊற்றினால் குளோரின் அசுத்தத்திலேயே செத்துவிடும். சீமெந்துத் தரைக்கு இது சரி. நம் ஊர் வளவோ மணல். மணலைக் கழுவ முடியாது. நிழல் விழும் மூலையில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். பார்வோ வந்த வளவில் ஒரு வருடத்துக்கு ஊசி முடியாத குட்டி வைப்பதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கொருமுறை, பதினாறு வாரம்வரை போடவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை முறித்துவிடக்கூடும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தக்கூடாது. ஊசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்துக் கொண்டுவந்தால் உறைந்தும் கெடலாம். இடையில் துவாய் சுற்றுங்கள்.

பூனைகள்

பூனைக்குட்டிகளுக்கு வீடு கிடைப்பதில் பெரிய சிரமமில்லை. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கமிருந்து விரும்பிக் கேட்டு வாங்கிப்போகிறார்கள். சிரமம் வளர்ந்த பூனையில். புது வீட்டில் முதல் நாளே கதவைத் திறந்துவிட்டால் மதில் ஏறிப் போய்விடும். இரண்டு மூன்று கிழமை ஓர் அறைக்குள் வைத்து, அதே நேரத்தில் அதே பாத்திரத்தில் சாப்பாடு கொடுத்து, பிறகு பசியோடிருக்கும் வேளையில் திறக்கவேண்டும்.

கண் திறக்காத குட்டிக்குப் பசுப்பால் வயிற்றோட்டம் தரும். பூனைக்குட்டிப் பால்மாவே பொருத்தம். முதல் இரண்டு கிழமை இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள். முதலில் துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலோடு வைத்து உடம்பு சூடாகட்டும். மல்லாத்திப் பிடித்தால் பால் சுவாசப்பையில் இறங்கும். குப்புற வைத்தே கொடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்புறத்தைத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். சமையலறைத் தராசில் நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏறவேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் மறுநாள்வரை காத்திராதீர்கள்.

காய்ச்சல் என்று பனடோல் கொடுத்த பூனைகளை இந்த ஆண்டும் கண்டோம். ஒரு குளிசை போதும், பூனை செத்துவிடும். நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் பெர்மெத்ரின் துளியும் அப்படியே. பச்சைச் சூடை மீனை நாள்தோறும் போட்டால் உயிர்ச்சத்து பி1 குறைந்து பூனை தள்ளாடும். அவித்துக் கொடுத்தால் பயமில்லை.

கடியும் பதிவும்

2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறை இலங்கையில் நிறுத்தப்பட்டது. அந்த இடத்தைத் தடுப்பூசியும் கருத்தடையுமே நிரப்பவேண்டும். நீர்வெறுப்பு நோயைத் தடுக்க நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி ஏறவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊசி போடவரும் நாளில் கயிறு பிடிக்க நம்மவர்கள் போயே ஆகவேண்டும், ஏனென்றால் தெருநாய் எங்கே படுக்கும் என்பது நமக்குத்தான் தெரியும்.

கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித் தூளோ வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கடித்த நாயை அடித்துவிரட்டாமல் கட்டிவைத்து 14 நாள் கவனிக்கவேண்டும், பூனைக்கும் அதுவே. கையாளும் எல்லோரும் முன்கூட்டியே ஊசி போட்டிருக்கவேண்டும் என்ற விதியை நாம் தளர்த்திவிட்டோம். அடுத்த ஆண்டு அது திரும்பவும் வருகிறது. ஊசி அட்டை இல்லாதவர் பதிவேடு எழுதலாம், கூண்டைத் தொடக்கூடாது.

நாயைப் பையில் கட்டி வீசுவோருக்கு எதிராக ஏன் பொலிசுக்குப் போவதில்லை என்று கடந்த கூட்டத்தில் கேட்கப்பட்டது. கைவசமுள்ளது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம். அதில் எழுதப்பட்ட தண்டம் 100 ரூபா. ஒரு முறை ஆட்டோவில் போய்வரக்கூடக் காணாது.

நிதிநிலையைப் பொருளாளர் வாசிப்பார். பூனைப் பொறிக்கூண்டுகளில் மிதிதகடு உப்புக்காற்றில் துருப்பிடித்து, பூனை கருவாட்டைத் தின்றுவிட்டு ஆறுதலாக வெளியேறுகிறது. ஒவ்வொரு பாவனைக்குப் பின்னும் நன்னீரால் கழுவிக் காயவைத்துக் கீலுக்குத் தேங்காயெண்ணெய் தடவவும். இரவல் வாங்கிய கூண்டுகளை மாரி தொடங்குமுன் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்; யார் யாரிடம் இருக்கிறதென்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

செயலாளர்