விடுதிக் கட்டடங்களை எனக்குக் காட்டியவர்களுக்கு

உறைவிடப் பள்ளிக் கட்டடங்கள் பற்றிய எங்கள் வரைபடக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. உதவியவர்களிடம் போனில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனாலும் நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

முதலில் திருவல்லிக்கேணி பாட்டிக்கு. அவருடைய அம்மா ஐஸ் ஹவுஸில் தங்கிப் படித்தவர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது அது. அந்த வியாபாரம் நொடித்த பிறகு பிலிகிரி ஐயங்கார் வாங்கி ஜன்னல்களும் வட்ட வராண்டாக்களும் போட்டார், 1917இல் அரசு வாங்கியது, அப்புறம் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். ஜன்னல் போட்ட பிறகுதான் அந்தக் கட்டடத்தில் மனுஷர் குடியிருக்க முடிந்தது என்று பாட்டி சொன்னதை வைத்துத்தான் கண்காட்சி முழுவதையும் காற்று, வெளிச்சம் என்ற கண்ணோட்டத்தில் மாற்றி அமைத்தோம்.

மெட்ராஸ் டெரஸ் கூரையை விளக்கிய மேஸ்திரி ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிடிப்பதை மாணவர்களுக்குச் செய்தே காட்டினீர்கள். உயரமான கூரையும் வென்டிலேட்டரும் இருந்த பழைய கூடங்களில் மே மாதம்கூடத் தூங்க முடிந்தது. இன்றைய தாழ்வான கான்கிரீட் கூரைக்கு அடியில், அதுவும் இரண்டடுக்குக் கட்டிலில் மேலே படுக்கிற பிள்ளையின் நிலைமை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஊட்டி லவ்டேல் பள்ளிப் படங்களைத் தந்த அண்ணனுக்கும் நன்றி. நம் மெரினா செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம்தான் அதையும் வடிவமைத்தவர் என்றதும் பலரும் நின்று பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற வார்டன் அம்மாவிடம்தான் நிறையக் கற்றேன். நீளக் கூடத்தில் வாசலில் நின்றாலே கடைசிக் கட்டில்வரை தெரியும், யாருக்குக் காய்ச்சல் என்று உடனே புரியும், ஆனால் ஒரு பெண் தனியாக அழ இடம் இருக்காது என்றார். நாலு பேர் அறை வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு மூலை கிடைத்தது, கதவுக்குப் பின்னால் நடப்பது வார்டனுக்குத் தெரியாமலும் போனது. 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, அது விடுதி இல்லாத பள்ளிதான் என்றாலும், இரண்டாவது படிக்கட்டு கேட்டு அவர் நிர்வாகத்தோடு சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். அம்மா, அந்தப் படிக்கட்டின் வரைபடத்தை பிரேம் போட்டு வைத்திருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வருகிறேன்.