பலகை மாறட்டும், பதிவேடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரின் பழைய கல்லூரிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் 1898-இல் தொடங்கிய ஊரீசு கல்லூரி வந்தது, குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் அங்கே படித்ததும் வந்தது. விடுதிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெளியூர்ப் பையன்கள் எங்கே படுத்து, என்ன தின்று படித்தோமாம்?

1986 முதல் 89 வரை வேலூரில் ஓர் அரசு ஆதிதிராவிடர் மாணவர் விடுதியில் இருந்தேன். வாடகை ஓட்டுக் கட்டடம். வெயில் காலத்தில் ராத்திரி பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம். அந்த வாசல் தகரப் பலகையில்தான் விடுதியின் சரித்திரமே இருந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தில் 'அரிசன' என்ற பழைய எழுத்து எட்டிப் பார்க்கும். கீழே 'வடாற்காடு மாவட்டம்'. நான் படிப்பை முடித்த 1989-லேயே, செப்டம்பரில், மாவட்டம் இரண்டாகி, எங்கள் பகுதி 'வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்' ஆனது. மறு வருஷம் சான்றிதழ் வாங்கப் போனால், இருந்த இடுக்கில் 'அம்பேத்கர்' என்று நுணுக்கிச் செருகியிருந்தார் பெயிண்டர். அந்தப் பெயருக்கா இடமில்லை!

பிறகு அது வேலூர் மாவட்டமாகி, 2019-இல் மூன்றாகவும் பிரிந்தது. 2025-இல் அரசு விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்தது. நல்லதுதான். கூட வந்த சிநேகிதனைத் தெருமுனையிலேயே அனுப்பிவிட்டு, அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் எங்களில் உண்டு.

என் ஆதங்கம் வேறு. சமீபத்தில் போய்ச் சேர்க்கைப் பதிவேடுகளைக் கேட்டேன். கட்டடம் மாறியபோதே எடைக்குப் போட்டாச்சாம். காப்பாளர் சொல்லி ஒரு வருஷம் அதை எழுதியவன் நான். 'தகப்பனார் தொழில்' கட்டத்தில், ஆம்பூர் வாணியம்பாடிப் பையன்கள் என்றால் தோல் ஷாப் கூலி. குடியாத்தம் என்றால் பீடி, தீப்பெட்டி. ஜவ்வாது மலையிலிருந்து வந்தவனுக்குச் சாமை வெள்ளாமை. அப்பா இல்லாத ஒருவன், அம்மா கல் உடைப்பதை எழுதச் சொன்னான். எழுதினேன். எந்தெந்த ஊரிலிருந்து யார் முதன்முதலில் காலேஜுக்கு வந்தார்கள் என்பது வேறெங்கே எழுதியிருக்கிறது?

மற்ற விடுதிகளில் மிஞ்சியிருப்பவற்றையாவது மாவட்ட நிர்வாகம் திரட்டி, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு குரூப் போட்டோ. பின்னால் நாற்பத்திரண்டு பெயர்களை ஊரோடு எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு நகல் தருகிறேன்.

முன்னாள் விடுதி மாணவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.