ரிசப்ஷனில் நிற்க வைப்பதா பயிற்சி?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட உயர்கல்விப் பக்கத்தில் மருத்துவமனை நிர்வாகப் பட்டப்படிப்பைப் பற்றி நாலு வரி இருந்தது. நீட் எழுத வேண்டாம், மூன்று வருடம், வேலை கிடைக்கும் என்று போட்டிருந்தீர்கள். எல்லாம் சரிதான். அந்தப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களிடம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் எம்.ஆர்.டி.யில், அதாவது நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் பாதுகாக்கும் பிரிவில், வேலை பார்க்கிறேன். அங்கே கண்ணில் படுவதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் டிஸ்சார்ஜைத்தான் உதாரணம் சொல்வேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். குடும்பமே பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கிளம்பும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய டூட்டி டாக்டர் வேறு வார்டில் இருப்பார். டைப் ஆகி வந்ததில் கையெழுத்துப் போட வேண்டிய பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருப்பார். மிச்சமான மருந்தையும் ஊசியையும் வார்டிலிருந்து ஃபார்மசிக்குத் திருப்பி, அந்தத் தொகையைக் கழிக்க வேண்டும். லேப் கணக்கு முடிய வேண்டும். அப்புறம்தான் பில். இன்சூரன்ஸ் இருந்தால் எல்லாம் டி.பி.ஏ.வுக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்மைப் பரிசீலிக்கும் இடைநிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு கேள்வி வந்து, அதற்குப் பதில் போய், ஒப்புதல் வர வேண்டும்.

மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் கூடும் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் சொல்லிவிட்டது. நல்ல விதி. ஆனால் மருத்துவமனை காகிதங்களை அனுப்பிய பிறகுதான் அந்த மூன்று மணி நேரம் ஓட ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் காலையிலிருந்து கழிந்த நேரம் எங்கள் கணக்கு. ஃபைல் எந்த மேஜையில் தங்குகிறது என்று பார்ப்பது, முந்தின நாள் சாயங்காலமே சம்மரியைத் தயார் செய்ய வைப்பது, மருந்தை இரவே திருப்ப வைப்பது எல்லாம் நிர்வாகம் படித்தவரின் வேலை. டாக்டர், நர்ஸ் தலையில் இதைக் கட்டக் கூடாது. அவர்கள் கவனம் நோயாளி மேல் இருக்க வேண்டும்.

இவ்வளவு முக்கியமான வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளை இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ரிசப்ஷனில் நிற்க வைக்கிறோம். டோக்கன் கொடு, வீல்சேருக்கு ஆள் கூப்பிடு, இந்த ஃபைலை மாடியில் கொடுத்துவிட்டு வா. ஆள் பற்றாக்குறையைச் சம்பளமில்லாமல் சமாளிக்கிறோம் என்பதுதான் உண்மை. முடிவில் ஒரு சான்றிதழ். கல்லூரியிலிருந்து யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. மூன்றாம் வருட மாணவி ஒருத்தி பயிற்சி முடிகிற வாரத்தில் என்னிடம், "மேடம், இன்சூரன்ஸ் ரூமுக்குள்ள என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அவள் நின்ற அதே தளத்தில்தான் அந்த அறை இருக்கிறது.

உள்ளே விட்டால் எவ்வளவு வேகமாகக் கற்கிறார்கள் தெரியுமா! எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு மாணவன், கிளெய்ம் நின்றுபோன ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்த்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பாலிசியில் இனிஷியல் மட்டும், எங்கள் அட்மிஷனில் அந்த இனிஷியல் பெயருக்குப் பின்னால். நம் ஊரில் இது வழக்கம்தானே. அட்மிஷன் கவுன்டரிலேயே பாலிசியைப் பார்த்து அதே மாதிரி பதிந்துவிடலாமே என்றான். இப்போது அப்படித்தான் செய்கிறோம். சம்மத படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும், நோய்க்கு ஐ.சி.டி. எண் (உலகம் முழுக்க ஒரே மாதிரி வழங்கும் நோய்க் குறியீடு) போடுவது எப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவண நகல் தர வேண்டும் என்ற விதி, இதெல்லாம் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தால்தான் மனதில் பதியும்.

அரசு மருத்துவமனையில் பயிற்சி பெற்று வந்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இது பெரிய குறை. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றிதழும் வைத்துக்கொண்டு வரும் ஒருவருக்குச் சிகிச்சை எப்படிச் சாத்தியமாகிறது என்று தெரியும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கிக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறையை மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. நம் பிள்ளைகள் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தால் போதுமா? மாணவர்களை முறையாக அனுப்பி வைக்கக் கல்லூரிகளும் சுகாதாரத் துறையும் பேசி ஒரு வழி செய்ய வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. படித்து முடித்ததும் மேனேஜர் நாற்காலி கிடைக்காது. பெரும்பாலும் ஃப்ரன்ட் ஆபீஸிலோ பில்லிங்கிலோதான் ஆரம்பம். அதில் குறைவில்லை. பயிற்சிக் காலத்திலேயே எல்லாப் பிரிவையும் பார்த்த பிள்ளை அங்கேயே தேங்கி நிற்காது. ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன்னால், பயிற்சி எந்த மருத்துவமனையில், எந்தெந்தப் பிரிவில், ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம், யார் மேற்பார்வை என்று கல்லூரியில் கேளுங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருட உயர்கல்விப் பக்கத்துக்கு இதே கேள்விகளைச் சென்னைக் கல்லூரிகளுக்கு நீங்களும் அனுப்பி, பதில் வந்ததையும் வராததையும் பெயரோடு வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11