கேட்காமல் விட்ட கேள்வி

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு வருகிறேன் என்று நீயும் வரவில்லை, போன் பண்ணுகிறேன் என்று நானும் பண்ணவில்லை, கணக்கு நேர். வீட்டில் எல்லோரும் சுகம். 'அப்ஜெக்‌ஷன்' முருகேசன் பையனுக்குக் கல்யாணம் முடிந்தது. பந்தியிலும் ஆசாமி சும்மா இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எழுத வந்தது ஒரு கேஸ் கட்டைப் பற்றி. கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் மதுரைக் கிளையில் அப்பீல் என் கையில். சாட்சியங்களைப் புரட்டினால், நேரில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சிக்குக் கீழே 'குறுக்கு விசாரணை இல்லை' என்று ஒற்றை வரி. அடுத்தவருக்கும் அதேதான். போலீஸ் பொருள்களைக் கைப்பற்றியதற்குக் கையெழுத்துப் போட்ட மகஜர் சாட்சிக்கும் அதேதான். இன்ஸ்பெக்டரிடம் மட்டும், 'நான் பொய் வழக்குப் போட்டிருக்கிறேன் என்றால் சரியல்ல' என்ற வழக்கமான வரி.

சம்பவம் ராத்திரி பத்தரை மணிக்கு. தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்கிறார் சாட்சி. போலீஸ் போட்ட மாதிரி வரைபடத்தில் வேப்பமரம் இருக்கிறது, அடிபம்பு இருக்கிறது, விளக்குக் கம்பம் இல்லை! எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் சாயங்காலம். லா காலேஜ் மூட் கோர்ட் பயிற்சியில் தூங்கி வழிந்த நீகூட இதைக் கேட்டிருப்பாய்.

விசாரணையில் ஆஜரான வக்கீல் பெயர் வேண்டாம், உனக்கும் தெரிந்தவர்தான். தண்டனை பெற்ற பையனின் அம்மா தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கொடுத்திருக்கிறார். அவருக்கு வக்கீல் மேல் ஒரு குறையும் இல்லை. "எல்லா வாய்தாவுக்கும் வந்தாருங்கய்யா" என்கிறார். என்ன பதில் சொல்ல?

அனோகிலால் வழக்கு ஞாபகம் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் 2013-இல் குற்றச்சாட்டு வனைந்த அன்றைக்கே இலவச சட்ட உதவி வக்கீலை நியமித்து, இரண்டே வாரத்தில் தூக்கு. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆயுளோ தூக்கோ வரக்கூடிய வழக்கில் அப்படி நியமிக்கும் வக்கீலுக்குப் பத்து வருட அனுபவமும், தயாராகக் குறைந்தது ஏழு நாளும் வேண்டும் என்றது. மறு விசாரணையில், 2024-இல், ஆள் விடுதலை. ஆனால் அதெல்லாம் கோர்ட் கொடுக்கும் வக்கீலுக்கு. காசு கொடுத்து நாமே வைத்த வக்கீல் வாயைத் திறக்காவிட்டால்? 'நீயே தேர்ந்தெடுத்தவர்தானே' என்பார்கள். டெல்லி டாக்சி டிரைவர் மேல் வந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட வக்கீல் மாறியது மட்டும் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றத்தில் 2015-இல் சொல்லிவிட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, வக்கீலுக்கு வக்கீல் சாட்சியை இழுத்தடித்தால் அவர்கள் கதி என்ன? ஆனால் இங்கே ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே மாப்ள!

இருக்கிற ரெக்கார்டை வைத்தே விடுதலை கேட்டு வாதாடினால், விளக்குக் கம்பத்தைப் பற்றிச் சாட்சியிடம் கேட்டிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பாரே என்பார் அரசு வக்கீல். மறு விசாரணை கேட்டால், ஓட்டையை அடைத்துக்கொண்டு சாட்சி வருவார். பையன் இன்னும் எத்தனை வருடம் உள்ளே கிடப்பானோ. அதற்கும் மனுவில் அந்த வக்கீலைப் பற்றி எழுதியாக வேண்டும். பாரில் எவன் முகம் கொடுத்துப் பேசுவான் என்பது வேறு. அதுகூடப் பரவாயில்லை, பழகிவிடும்.

எனக்கு இரண்டையும், விடுதலை, அது இல்லையென்றால் மறு விசாரணை என்று, மாற்று வேண்டுகோளாகக் கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் மறு விசாரணை என்று வாயெடுத்ததுமே பெஞ்ச் அதைப் பிடித்துக்கொண்டு, விடுதலை வாதத்தைக் காதில் வாங்காமல் போய்விடுமோ என்று பயம். செசன்ஸ் கோர்ட்டில் கொட்டை போட்டவன் நீ. சாட்சிய நகல்களைக் கூரியரில் அனுப்புகிறேன், படித்துவிட்டுக் கூப்பிடு. வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பாண்டி