ஆங்கிலத் தவறுக்குத் தமிழில் காரணம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலப் பகுதியில் இடப்பக்கம் தவறான வாக்கியமும் வலப்பக்கம் சரியான வாக்கியமும் அச்சாகின்றன. ஏன் தவறு என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. அதை மனப்பாடம் செய்த மாணவர் அதே வாக்கியம் வந்தால் தப்பித்துக்கொள்வார். ஒரு சொல் மாறினாலும் மறுபடி வழுக்குவார். நம்மவர் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்' என்பது குறையில்லாத தமிழ். நிகழ்காலம் போதும், காலத்தைச் சுமக்க 'ஆ' என்ற ஒட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஓர் ஒட்டு கிடையாது. நேற்றுத் தொடங்கி இன்றும் தொடரும் வேலையை அங்கே வினைச்சொல்தான் காட்ட வேண்டும். அதனால் 'ஹேவ் பீன் ஒர்க்கிங்'. அடுத்து 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம். காலண்டரிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்ட முடிந்தால் 'சின்ஸ்': 2022, திங்கட்கிழமை, காலை 9 மணி. எண்ணிச் சொல்ல வேண்டிய நீளம் என்றால் 'ஃபார்': மூன்று வருடம், பத்து நிமிடம். 'லாஸ்ட் இயர்' விரல் வைக்கும் இடம், 'எ இயர்' நீளம் என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு இதில் மேற்கொண்டு பாடம் தேவையில்லை.

'ஏ', 'ஆன்' விஷயத்தில் தமிழ் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', உயிர்மெய்க்கு முன்னால் 'ஒரு' என்று நம் இலக்கணமே சொல்கிறது: ஓர் ஊர், ஒரு மரம். ஆங்கில விதியும் இதே ஒலி விதிதான். ஆங்கில எழுத்தைப் பார்த்து முடிவு செய்வதால்தான் 'ஆன் யூனிவர்சிட்டி' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தால் முதலில் வருவது 'யூ', அதாவது உயிர்மெய். எனவே 'ஏ யூனிவர்சிட்டி'. எம்எல்ஏ, எஃப்ஐஆர், எஸ்எம்எஸ் எல்லாம் தமிழில் 'எ'யில் தொடங்குகின்றன; 'ஆன்' போட வேண்டும். ஆனஸ்ட் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் வரும் ஹகரம் தமிழில் எழுதும்போது தானாகவே உதிர்ந்துவிடுகிறது, அங்கும் 'ஆன்'. இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் 'ஒன்வே'. நாம் 'ஒ' போட்டு எழுதினாலும் ஆங்கிலேயர் வாயில் அது 'வன்'. ஆகவே 'ஏ ஒன்வே ரோடு'.

அலுவலகத்தில் உண்மையாகவே சேதம் விளைவிப்பது வேறொன்று. 'ஃபைலை அனுப்பலையா?' என்று கேட்டால் 'ஆமா சார், அனுப்பலை' என்போம். 'ஆமா' என்பது கேட்டவருடைய ஊகத்துக்கு நாம் கொடுக்கும் ஒப்புதல். இதே கேள்வி 'ஹேவன்ட் யூ சென்ட் த ஃபைல்?' என்று வரும்போது, அதே வேகத்தில் 'யெஸ் சார்' சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ஃபைல் போய்விட்டதாக எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வளைந்தாலும் கவலையில்லை. நடந்திருந்தால் 'யெஸ்', நடக்கவில்லை என்றால் 'நோ'. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் பேசுபவர்கள் வெறும் 'யெஸ்', 'நோ'வோடு நிறுத்தாமல் 'நோ, ஐ ஹேவன்ட்' என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது. 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பதற்கும் 'யெஸ், யெஸ்' என்று உபசாரமாகச் சொல்கிறோம். 'இங்கே உட்காரலாமா?' என்று மனசுக்குள் மாற்றிக்கொள்வதால் வரும் வினை. கேட்பவர் கேட்பது 'ஆட்சேபணை உண்டா?' என்று. உட்காரச் சொல்ல வேண்டுமானால் 'நோ' என்று தொடங்க வேண்டும்.

'டிஸ்கஸ் அபவுட்' என்ற தவறு தமிழ் 'பற்றி'யின் நிழல். 'டிஸ்கஸ்' என்ற வினைச்சொல்லுக்கு 'அபவுட்' தேவையில்லை. 'டிஸ்கஷன் அபவுட்' என்பது சரி, ஏனென்றால் அது பெயர்ச்சொல். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இதற்கு நேர்மாறானது 'எக்ஸ்பிளெய்ன் மீ'. 'எனக்கு விளக்குங்கள்' என்பதில் உள்ள 'கு' உருபைத் தொலைத்துவிட்டோம். 'எக்ஸ்பிளெய்ன் டு மீ' என்றால் அது திரும்பி வந்துவிடும். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்பதும் இந்த வகைதான். தமிழில் 'அவர் எங்கே இருக்கிறார்' என்ற கேள்வி, 'என்று தெரியவில்லை'யோடு சேர்ந்தாலும் வரிசை மாறாது. ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் புகுந்ததும் 'வேர் ஹி இஸ்' என்று திரும்பிவிடும்.

இவற்றோடு சேர்த்து 'ப்ரீபோன்' (முன்தேதிக்கு மாற்றுவது), 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' (வெளியூரில் இருப்பது), 'டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்க) ஆகியவற்றையும் தவறு என்று அச்சிடுவது நியாயமில்லை. 'ப்ரீபோன்' இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. 'ஸ்டேஷன்' என்பது ஆங்கிலேய அதிகாரிகள் பணியில் இருந்த ஊரைக் குறித்த அந்தக் காலச் சொல். ரயில் நிலையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'டூ த நீட்ஃபுல்' அவர்களே எழுதிவைத்துவிட்டுப் போன அலுவலக நடை. சகலையை 'கோ-பிரதர்' என்பதில் என்ன குற்றம்? மைத்துனர், கொழுந்தன், சகலை மூவரையும் ஒரே 'பிரதர்-இன்-லா'வில் அடைப்பது ஆங்கிலத்தின் வறுமை. நமக்குள் தாராளமாகப் புழங்கலாம். வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'ப்ரீபோன்' இடத்தில் 'பிரிங் ஃபார்வர்டு' போட்டால் போதும். 'பாஸ் அவுட்' மட்டும் ஜாக்கிரதை. சென்னை பரங்கிமலை ராணுவ அகாடமியில் நடப்பது முறையான 'பாசிங் அவுட் பரேட்'. ஆனால் கல்லூரிப் படிப்பை முடித்தவர் வேலை விண்ணப்பத்தில் '2019இல் பாஸ் அவுட்' என்று எழுதினால், அமெரிக்கர் கண்ணுக்கு அந்த ஆண்டு மயங்கி விழுந்தவராகத் தெரிவார். 'கிராஜுவேட்டட்' என்று எழுதலாம்.

கடைசியாக, வாக்கியத்தை 'வித்', 'ஆஃப்' போன்ற சொற்களில் முடிக்கக் கூடாது என்ற விதி. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் கண்டுபிடித்த குறை இது. லத்தீனுக்குப் பொருந்தும், ஆங்கிலத்துக்கு ஒருபோதும் பொருந்தியதில்லை. 1926இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் மொழி அறிஞர் ஃபவுலரே இதை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' நல்ல ஆங்கிலம். இத்தகைய போலி விதிகளைத் தங்கள் பகுதியிலிருந்து எடுத்துவிட்டால், ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வரிக் காரணம் போடத் தேவையான இடம் தானாகக் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.