யானைகளோடு முடித்துவிடாதீர்கள்

ஹாம்பர்க் நகரைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். நகரசபை மாளிகையைப் பார்த்த கையோடு ஆப்பிரிக்கா ஹவுஸுக்கும் எங்களைக் கூட்டிப்போகிறீர்கள். வாசலில் வெண்கலத்தில் ஓர் ஆப்பிரிக்கப் போர்வீரன். உள்முற்றத்தில் கதவுக்கு இருபுறமும் இரண்டு பெரிய யானைகள். பிள்ளைகள் ஓடிப்போய்த் தொட்டுப்பார்க்கும், போட்டோ எடுப்போம், அப்புறம் கிளம்பிவிடுவோம். இன்னும் பத்து நிமிடம் அங்கே நில்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அலுவலகத்துக்காக அந்தக் கட்டடத்தை எழுப்பி யானைகளை வைத்தது வோர்மன் கம்பெனி. அப்போதைய முதலாளி அடோல்ஃப் வோர்மன் (1847–1911). அப்பா கார்ல் 1837-ல் தொடங்கிய வியாபாரத்தைப் பெரிய கப்பல் கம்பெனியாக வளர்த்தவர். மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சாராயமும் துப்பாக்கியும் வெடிமருந்தும் போகும். பாமாயிலும் யானைத்தந்தமும் வரும். முற்றத்து யானைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தந்தம்தான் ஞாபகம் வருகிறது.

கல்லாவோடு அவர் நிற்கவில்லை. ஹாம்பர்க் மக்கள் மன்றத்தில் உறுப்பினர், வர்த்தக சபைத் தலைவர், 1884 முதல் 1890 வரை பெர்லின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆப்பிரிக்காவுக்குச் சாராயம் அனுப்புவதை மற்றவர்கள் கண்டித்தபோது, அதே நாடாளுமன்றத்தில் எழுந்து அந்த வியாபாரத்துக்காக வாதாடினார். சரக்கும் அவருடையது, கப்பலும் அவருடையது, அவையில் பேசும் வாயும் அவருடையது. நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும், சொல்லுங்கள்.

1884 ஜூலை 12-ஐயும் சொல்லுங்கள். கேமரூனில் டுவாலா மக்களின் அரசர்கள் ந்டும்பே லோபே பெல்லும் அக்வாவும் நாட்டின் ஆட்சியுரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஹாம்பர்க் வியாபாரிகளின் ஆட்களோடு கையெழுத்திட்டார்கள். வோர்மனின் ஆள் எட்வர்ட் ஷ்மிட் அதில் ஒருவர். அரசர்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. குடியிருக்கும் இடமும் பயிர் செய்யும் நிலமும் எங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, ஜூலை 14 அன்று, ஜெர்மன் கொடி ஏறிவிட்டது.

அந்த வாக்கு முப்பது வருடம்கூடத் தாங்கவில்லை. டுவாலா மக்களை ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தக் காலனி அரசு கிளம்பியது. பெல்லின் பேரன் ருடால்ஃப் டுவாலா மங்கா பெல் ஜெர்மனியில் படித்தவர். தாத்தா காலத்து ஒப்பந்தத்தைக் காட்டி, பெர்லின் நாடாளுமன்றத்துக்கே மனுப் போட்டார். தேசத்துரோகம் என்று சொல்லி 1914 ஆகஸ்ட் 8 அன்று தூக்கிலிட்டார்கள். அவருடைய செயலாளர் அடோல்ஃப் ந்கோசோ டின்னையும் அதே நாளில்.

நேரம் இருந்தால், அப்போது இன்னொரு ஜெர்மன் காலனியாக இருந்த நமீபியாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1904-ல் ஹெரேரோ மக்களை ஒடுக்கப் போன ஜெர்மன் படையையும் குதிரைகளையும் ஏற்றிப் போனவை வோர்மன் கப்பல்கள். சிறைபிடித்த ஹெரேரோக்களைக் கட்டாய வேலை வாங்க, ஸ்வாகோப்முண்ட் துறைமுகத்தில் கம்பெனிக்கென்றே தனி முகாம் இருந்தது.

கட்டடத்தின் அழகைக் குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை. மார்ட்டின் ஹாலர் அருமையாகத்தான் கட்டியிருக்கிறார். அடுத்த முறை அந்த யானைகளுக்கு நடுவே எங்களை நிறுத்தும்போது, முதலில் ந்டும்பே லோபே பெல் பெயரைச் சொல்லுங்கள். அடுத்து பேரன் பெயர். வோர்மன் பெயர் அதற்கப்புறம் வரட்டும்.

அன்புடன்,
உங்களோடு மூன்று முறை நடந்த ஒரு ஹாம்பர்க்வாசி